வால்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: பழைய இராணுவ விமானம் ஓட்ட விரும்பும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் கோடைக்கால விமானக் காட்சியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: விமானப்படையில் ஒருநாள்கூடப் பணியாற்றாத, சொந்தப் பணத்தில் வார இறுதிகளில் மட்டும் பறக்கக்கூடிய சாதாரண மனிதர் ஒருவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானம் ஒன்றை என்றாவது தன் கையால் ஓட்ட முடியுமா? முடியும். பிரிட்டனில் இன்று பறந்துகொண்டிருக்கும் டைகர் மாத், சிப்மங்க், ஹார்வர்டு போன்ற பழைய பயிற்சி விமானங்களில் கணிசமானவை தனியாரின் கையில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த இருக்கைக்குப் போகும் வழி பணத்தால் மட்டும் திறப்பதில்லை. அது கால்களின் வழியாகத் திறக்கிறது. இதன் பொருள் என்ன என்பதை விளக்கி, முதல் நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் வரும் விதிமுறைகள் பிரிட்டனுக்கு உரியவை.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் போர்விமானம் ஓட்டச் சேர்ந்த இளைஞர்களுள் பலர் முதலில் டைகர் மாத்தில் கற்று, பிறகு ஹார்வர்டில் தேறி, அதன் பின்னரே ஸ்பிட்ஃபயரில் ஏறினார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படிவரிசை மாறவில்லை, ஏனெனில் அது அந்த விமானங்களின் இயல்பிலிருந்து பிறந்த வரிசை. கானிங்ஸ்பி தளத்தில் ஸ்பிட்ஃபயர்களையும் ஹரிக்கேன்களையும் பறக்கவிடும் பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவுகூட, நவீன ஜெட் விமானங்களில் தேர்ந்த தன் விமானிகளை வால்சக்கரத்துக்கு, அதாவது மூக்கின் கீழ் அல்லாமல் வாலின் கீழ் சிறு சக்கரம் உள்ள பழைய அமைப்புக்கு, பழக்குவதற்காகச் சிப்மங்க் விமானங்களை வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஜெட் ஓட்டியவருக்கே அந்தப் படி தேவைப்படும்போது, நாம் அதைத் தாண்டிக் குதிக்க நினைப்பதில் அர்த்தமில்லை.

பணம் செலவழிப்பதற்கு முன்

முதலில் செய்ய வேண்டியது, அருகில் போய்ப் பார்ப்பது. பெட்ஃபோர்டுஷயரின் ஓல்ட் வார்டனில், ரிச்சர்டு ஷட்டில்வொர்த் 1928-இல் தொடங்கிய சேகரிப்பு இன்றும் புல்தரை ஓடுபாதையிலிருந்து பழைய விமானங்களைப் பறக்கவிடுகிறது. காட்சி நாளைவிட, ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) பொறியாளர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் சாதாரண நாள் ஒன்றில் செல்வது அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து. இறக்கையின் துணி உறையைக் கழற்றி உள்ளிருக்கும் மரச்சட்டங்களைப் பார்க்கும்போதுதான், நாம் காதலிக்கும் பொருள் எவ்வளவு எளிமையானது என்பதும் எவ்வளவு பராமரிப்பைக் கேட்கும் என்பதும் ஒரே நேரத்தில் புரியும்.

இரண்டாவதாக, மருத்துவச் சான்றிதழை முதலிலேயே பெற்றுவிடுங்கள். தனியார் விமானி உரிமத்துக்கு வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாம் வகுப்புச் சான்றிதழை, விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே பெற முடியும். நீரிழிவு, இரத்த அழுத்தம், கண் பார்வை ஆகியவற்றில் சிக்கல் உள்ளவர்கள் பலருக்கும் நிபந்தனைகளுடன் சான்றிதழ் கிடைப்பதுண்டு என்பதால் பயந்து ஒதுங்க வேண்டாம்; ஆனால் இருபது மணி நேரப் பயிற்சிக்குப் பணம் கட்டிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது வேதனையானது.

மூன்றாவதாக, டைகர் மாத்தில் ஒரேயொரு அறிமுகப் பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த காக்பிட்டில் முகத்தில் அறையும் காற்றும், எண்ணெய் வாடையும், எதிரே எதையும் மறைத்துக்கொண்டு நிற்கும் மூக்கும் உங்களுக்கு மகிழ்ச்சி தருகின்றனவா, எரிச்சல் தருகின்றனவா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். எரிச்சல் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடிக் கூரையும் வெப்பமூட்டியும் உள்ள நவீன விமானத்தில் பிரான்ஸ் வரை போய் மதிய உணவு உண்டு திரும்புவதும் நல்ல பொழுதுபோக்குத்தான்.

உரிமம் பெறுதல்

பழைய விமானத்துக்கென்று தனி உரிமம் கிடையாது. எல்லாருக்கும் பொதுவான தனியார் விமானி உரிமத்தையே நீங்களும் பெற வேண்டும். அதற்குக் குறைந்தபட்சம் 45 மணி நேரப் பறப்புப் பயிற்சி தேவை. அதில் 25 மணி நேரம் பயிற்றுநருடனும், 10 மணி நேரம் தனியாகவும் அமைய வேண்டும். தனிப் பறப்பில் ஐந்து மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பயணமாக இருக்க வேண்டும்; அவற்றுள் ஒன்று 150 கடல்மைல் நீளமுள்ளதாகவும், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுமையாக நிற்பதாகவும் இருத்தல் வேண்டும். 16 வயதில் தனியாகப் பறக்கலாம். உரிமம் 17 வயதில்தான். வான்சட்டம், வானிலை, வழிகாணல், பறத்தலின் கொள்கைகள், விமானத்தைப் பற்றிய பொது அறிவு முதலான ஒன்பது பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு; ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. வானொலியில் பேசுவதற்குத் தனித் தேர்வு உண்டு.

நாற்பத்தைந்து என்பது சட்டம் கேட்கும் எண். வாழ்க்கை கேட்கும் எண் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். இங்கிலாந்தின் மேகம் பாடங்களை வாரக்கணக்கில் தள்ளிப்போடும். இடைவெளி விழுந்தால் கற்றது மறந்துபோய், அதே பாடத்தை மீண்டும் எடுக்க வேண்டி வரும். ஆகவே அறுபது மணி நேரத்துக்கான பணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு பாடத்துக்குக் குறையாமல் எடுக்க முடியும் காலத்தில் தொடங்குங்கள். மணிக்கு இருநூறு பவுண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தள்ளுபடி தருகிறோம் என்று எந்தப் பயிற்சிப் பள்ளி சொன்னாலும் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். சிறிய பள்ளிகள் திடீரென மூடப்படுவது இந்தத் துறையில் புதிதல்ல. பாடத்துக்குப் பாடம் பணம் கட்டியவர் வேறு பள்ளிக்குப் போவார், மொத்தமாகக் கட்டியவர் வழக்கறிஞரிடம் போவார்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, புல்தரை ஓடுபாதையும், வால்சக்கர விமானம் ஒன்றாவதும், அதில் கற்பிக்கத் தெரிந்த பயிற்றுநரும் உள்ள இடமாகப் பாருங்கள். பைப்பர் கப் போன்ற எளிய வால்சக்கர விமானத்திலேயே தொடக்கம் முதல் கற்க முடிந்தால் அது பேறு. அப்படிக் கிடைக்காவிட்டால் மூக்குச்சக்கரம் உள்ள செஸ்னாவில் உரிமம் பெறுங்கள். ஆனால் உரிமம் கிடைத்த மறுவாரமே வால்சக்கரப் பயிற்சிக்குப் போய்விடுங்கள். மூக்குச்சக்கர விமானம் கால்களைச் சோம்பேறியாக்கும். அந்தச் சோம்பல் ஆண்டுக்கணக்கில் ஊறிய பின் மாற்றுவது கடினம்.

கால்களின் கல்வி

வால்சக்கர விமானத்துக்கு மாறுவதற்குத் தனித் தேர்வு கிடையாது. தகுதிபெற்ற பயிற்றுநரிடம் வேறுபாட்டுப் பயிற்சி பெற்று, அவர் உங்கள் லாக்புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) கையொப்பமிட வேண்டும். இத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்ச வரம்பும் இல்லை. இதே முறையில்தான் உள்ளிழுக்கும் சக்கரங்கள், கோணம் மாற்றக்கூடிய புரொப்பெல்லர், சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) உள்ள என்ஜின் ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்றாகப் பயிற்சியும் கையொப்பமும் வாங்க வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இவை அனைத்தும் ஒருங்கே இருக்கின்றன என்பதைக் கவனித்தால், லாக்புக்கில் சேரும் ஒவ்வொரு கையொப்பமும் அதை நோக்கிய ஒரு படி என்பது விளங்கும்.

வால்சக்கர விமானம் ஏன் கடினம்? மூன்று சக்கர ரிக்‌ஷா ஒன்றை முன்சக்கரத்தைத் தளரவிட்டுப் பின்பக்கமாக வேகமாக உருட்டிப் பாருங்கள். சற்றுக் கோணினாலும் அது தானாகவே மேலும் கோணிக்கொண்டு சுற்றப் பார்க்கும். வால்சக்கர விமானமும் அப்படியே. அதன் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறங்கி ஓடும்போது மூக்கு ஒரு பக்கம் சிறிது திரும்பினால், பின்னாலிருக்கும் எடை நேராகவே செல்ல முயன்று அந்தத் திருப்பத்தைப் பெரிதாக்குகிறது. ஓரளவுக்கு மேல் போனால் ரட்டரால், அதாவது காலால் மிதித்து அசைக்கும் வால் சுக்கானால், தடுக்க முடியாது. விமானம் தன்னையே சுற்றிக்கொண்டு, ஓர் இறக்கை தரையில் உரச, சில சமயம் சக்கரக் காலும் முறிய, தலைகுனிந்து நிற்கும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். மூக்குச்சக்கர விமானத்தில் எடை மையம் முன்னால் இருப்பதால் அது தானாகவே நேராகிக்கொள்ளும். விமானியின் பிழையை அது மன்னித்துவிடுகிறது, வால்சக்கர விமானம் மன்னிப்பதில்லை.

இதற்கு மருந்து, திருப்பம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காலால் அதைத் திருத்துவது. பெரிய மிதி ஒன்றைவிட, நிமிடத்துக்கு நூறு சிறிய மிதிகள் நல்லவை. பயிற்றுநர்கள் வழக்கமாக எடுக்கும் வரிசை இது: முதலில் தரையில் மட்டும், நடைவேகத்தில், பாம்புபோல் இடவலமாக வளைந்து ஓட்டுவது. மூக்கு எதிரே மறைப்பதால் பழைய விமானத்தில் நேராக ஓட்டினால் முன்னால் நிற்பது பெட்ரோல் வண்டியா மனிதரா என்று தெரியாது. ஆகவே இந்த வளைவு பயிற்சிக்கு மட்டும் உரியதல்ல, என்றைக்கும் தேவையான பழக்கம். அடுத்து, பறக்காமல் ஓடுபாதையில் வேகமாக ஓடி வாலைத் தூக்கி மீண்டும் இறக்குவது. அதன் பிறகே மூன்று சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் இறக்கமும், முன்சக்கரங்களில் மட்டும் இறங்கிப் பிறகு வாலை மெல்லக் கீழே விடும் இறக்கமும். பக்கக்காற்றில் இறங்குவது கடைசி.

இங்கே புதியவர்கள் பலர் அறியாத ஒன்று உண்டு. செஸ்னாவின் என்ஜின், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. அதனால் புறப்படும்போது மூக்கு இடப்பக்கம் ஓடும், வலது காலால் தடுக்க வேண்டும். டைகர் மாத்திலும் சிப்மங்கிலும் உள்ள ஜிப்ஸி மேஜர் என்ஜின் எதிர்த்திசையில் சுழல்கிறது. மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது கால் வேலை செய்ய வேண்டும். மெர்லின் என்ஜின் உள்ள ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் ஓடும். பிந்தைய ஸ்பிட்ஃபயர்களில் பொருத்தப்பட்ட கிரிஃபன் என்ஜின் எதிர்ப்பக்கம் சுழல்வதால் அவை வலப்பக்கம் ஓடும். எந்தக் கால் என்பதை மனப்பாடம் செய்து பயனில்லை. த்ராட்டிலைத் (என்ஜின் சக்தியைக் கூட்டும் நெம்புகோலை) திறக்கும்போது கண் தூரத்து மரத்தைப் பார்க்க, மூக்கு நகர்வதற்கு எதிராகக் கால் தானாகப் போக வேண்டும். அந்தத் தானியங்கித்தனம் வரும்வரை கையொப்பம் கேட்டுப் பயிற்றுநரை நச்சரிக்காதீர்கள்.

எந்த விமானம்?

டைகர் மாத் முதன்முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26. எட்டாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. 130 குதிரைத்திறன் என்ஜின், மரமும் துணியுமான இரட்டைத்தட்டு இறக்கைகள், மேல் இறக்கையின் நடுவில் 19 காலன் பெட்ரோல் தொட்டி. பிரேக் இல்லை, மெதுவாக இறங்க உதவும் ஃபிளாப் என்ற இறக்கைத் தகடு இல்லை, சுயமாக ஸ்டார்ட் ஆகும் வசதியும் இல்லை. பலவற்றில் வால்சக்கரம்கூட இல்லாமல் தரையை உழுதுகொண்டு போகும் வாற்கட்டை மட்டுமே இருக்கும், ஆகவே புல்தரைதான் அதன் வீடு. தனியாகப் பறக்கும்போது பின்னிருக்கையில் அமர வேண்டும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எயிலரான் தகடுகள் கீழ் இறக்கையில் மட்டும் உள்ளதால், ஸ்டிக்கை (கையால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கோலை) மட்டும் சாய்த்துத் திரும்பப் பார்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். ரட்டரையும் சேர்த்து மிதித்தால்தான் திருப்பம் சுத்தமாக வரும். ஓட்டுவதற்கு எளிது, நன்றாக ஓட்டுவதற்கு அரிது என்று இதைப் பற்றிச் சொல்வது மிகையல்ல.

சிப்மங்க் எனக்கு மிகவும் பிடித்தது; ஆகவே நான் சற்று ஒருதலையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் கனடாக் கிளையில், போலந்திலிருந்து வந்த யாக்கிமியுக் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் உருவாகி, 1946 மே 22 அன்று முதன்முதலில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படையில் 1950 முதல் 1996 வரை பயிற்சி விமானமாக இருந்தது. 1951-இல் தொடங்கப்பட்ட இலங்கை விமானப்படையின் முதல் விமானங்களும் சிப்மங்குகளே என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி. ஒருவர் பின் ஒருவராக அமரும் மூடிய காக்பிட், உலோக உடல், 145 குதிரைத்திறன் என்ஜின், விரல்நுனிக்குக் கீழ்ப்படியும் இசைவான கட்டுப்பாடுகள் என்று, சிறிய ஸ்பிட்ஃபயர் எனத் தாராளமாகச் சொல்லலாம். பிரேக் உண்டு, ஆனால் விசித்திரமானது: கையால் இழுக்கும் நெம்புகோலைச் சில பற்கள் அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டு ரட்டர் மிதியை முழுதும் மிதித்தால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும். தரையில் ஓட்ட இது வசதியானது. ஆனால் புறப்படுமுன்னும் இறங்குமுன்னும் நெம்புகோல் முழுதாகத் தளர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க மறந்தால், அன்றைய மாலை பொறியாளரின் முகத்தைப் பார்த்தபடி கழியும்.

யாக்-52 மூன்றாவது வழி. 1976-இல் முதன்முதலில் பறந்து, ருமேனியாவில் கட்டப்பட்ட இந்தச் சோவியத் பயிற்சி விமானத்தில் 360 குதிரைத்திறனும் ஒன்பது சிலிண்டர்களும் கொண்ட வட்டவடிவ என்ஜின் இருக்கிறது. அழுத்தமூட்டிய காற்றால் ஸ்டார்ட் ஆகிறது. உள்ளிழுத்த பின்னும் சக்கரங்கள் வெளியே பாதி தெரியும் என்பதால், சக்கரத்தை இறக்க மறந்தவர்கூடப் பெரிய சேதமின்றித் தப்பலாம். சக்தியும் அதிகம், சாகசப் பறப்புக்கும் ஏற்றது. ஆனால் அதற்கு மூக்குச்சக்கரம் இருப்பதால் கால்களுக்கு அது எதையும் கற்றுத்தராது. நான் சொல்லும் பாதையில் அது ஒரு கிளைச்சாலை மட்டுமே.

வட்டவடிவ என்ஜினைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. இரவில் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால், அமுங்காத எண்ணெய்மேல் பிஸ்டன் மோதி இணைப்புத்தண்டு வளைந்துவிடும். ஆகவே, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோக்கள் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, புரொப்பெல்லரைக் கையால் மெல்லப் பல சுற்று சுற்ற வேண்டும். எங்காவது தடுத்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளாமல், கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுதல்

டைகர் மாத்தை யாராவது ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் இழுத்துச் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த விமானங்களைச் சுற்றி நடக்கும் வேலைகளுள் மிகவும் ஆபத்தானது பறப்பதல்ல, இதுதான். எழுத்தில் படித்துக் கற்கக் கூடியதும் அல்ல. பல ஆண்டு செய்தவர் அருகில் நின்று காட்டித்தர வேண்டும். ஆயினும் அடிப்படையை முன்கூட்டியே அறிந்து போவது நல்லது.

சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகள் வைக்கப்பட வேண்டும். பிரேக் இல்லாத விமானத்தில் அவைதான் பிரேக். காக்பிட்டில் கட்டுப்பாடுகளை அறிந்த ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். நிற்கும் இடத்தில் ஈரப் புல், சேறு, கூழாங்கல் இருக்கக் கூடாது. கழுத்துத்துண்டு, தொங்கும் கேமரா வார், மோதிரம் எதுவும் உடலில் இருக்கக் கூடாது. கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டும்வரை நிரப்பிய பின், முன்னால் நிற்பவர் "சுவிட்ச் ஆஃப்" என்று உரக்கக் கேட்க, உள்ளிருப்பவர் சுவிட்சைப் பார்த்து, தொட்டு, அதே சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டைகர் மாத்தின் மேக்னெட்டோ சுவிட்சுகள் காக்பிட்டுக்கு வெளியே, முன்னால் நிற்பவர் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். நான்கு இழுப்பில் கலவை சிலிண்டருக்குள் சென்ற பின், "கான்டாக்ட்" (சுவிட்ச் ஆன்) என்ற சொல்லும் அதன் மறுமொழியும் முடிந்தே கடைசி இழுப்பு. விரல்களைப் புரொப்பெல்லர் இறகின் விளிம்பில் கொக்கிபோல் மடக்கக் கூடாது. கையைத் தட்டையாக வைத்து, இழுக்கும் அசைவே உடலைப் பின்னோக்கிக் கொண்டுபோகும்படி நிற்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று எவர் சொன்னாலும், தரையில் நிற்கும் எந்தப் புரொப்பெல்லரையும் உயிருள்ளதாகவே நினையுங்கள். அணைக்க உதவும் தரைக்கம்பி அறுந்துபோன மேக்னெட்டோவுக்கு, சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியாது.

பங்கு வாங்குதல்

ஒரு டைகர் மாத்தையோ சிப்மங்கையோ முழுதாக வாங்கத் தேவையில்லை. பிரிட்டனில் பலர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்திருப்பது நெடுங்கால வழக்கம். சட்டம் இருபது பேர் வரை அனுமதிக்கிறது. எனினும் ஐந்து முதல் எட்டுப் பேர் உள்ள குழுவே சிறந்தது என்று நினைக்கிறேன்: வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் விமானம் கிடைக்கும், செலவும் தாங்கும். முதலில் பங்குக்கான தொகை, பிறகு ஹேங்கர் வாடகைக்கும் காப்பீட்டுக்குமான மாதக் கட்டணம், பறக்கும் மணிக்கேற்ற கட்டணம் என மூன்றாகச் செலவு பிரியும். ஜிப்ஸி மேஜர் மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும்.

பங்கு வாங்குமுன் விமானத்தைப் பார்ப்பதைவிடக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். என்ஜினை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கும் நாள் ஒன்று கட்டாயம் வரும். அதற்கென்று மணிக்கு இவ்வளவு என்று தனியே சேர்த்து வருகிறார்களா என்று கேளுங்கள். "அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அது நீங்கள் சேர்ந்த மறு ஆண்டில் வரும். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பறக்காமல் நிற்கும் விமானம் துருப்பிடிக்கும். பறக்காமல் இருக்கும் விமானியும் அப்படித்தான். பயணியை ஏற்றுவதற்கு முந்தைய 90 நாளில் மூன்று முறை புறப்பட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். வால்சக்கரத்தைப் பொறுத்தவரை அந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு நாளில், காற்று சற்று உள்ள நேரத்தில் செய்வது நல்ல வழக்கம்.

அதன் பிறகு விமானத்தின் பதிவேடுகள். பழைய விமானத்தில் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பது உயிர் சார்ந்த விஷயம். 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடற்கரையோரம் சாகசப் பறப்பில் இருந்த டைகர் மாத் ஒன்றின் இறக்கை பிரிந்து, அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். உடலின் குறுக்கே சென்று இறக்கைகளைப் பிணைக்கும் தண்டுகள் உலோகச் சோர்வால் (மீண்டும் மீண்டும் ஏறும் சுமையால் வரும் பலவீனத்தால்) முறிந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. அவை மூலத் தயாரிப்பாளருடையவையல்ல, பின்னாளில் செய்யப்பட்ட மாற்றுப் பாகங்கள். ஆகவே அந்தத் தண்டுகள் எப்போது மாற்றப்பட்டன, யார் செய்தவை, என்ன சான்றிதழ் என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். சிப்மங்கில் இறக்கையும் உடலும் சேரும் பாகங்களுக்குச் சோர்வுக் கணக்கு உண்டு. சாகசப் பறப்பில் கழிந்த மணிகள் சாதாரண மணிகளைவிட அதிகமாகக் கணக்கில் சேர்வதால், மணிக்கணக்கு குறைவாக இருப்பதைக் கண்டு மட்டும் மகிழ்ந்துவிட வேண்டாம். உங்களுக்குப் புரியாத பக்கம் ஏதேனும் இருந்தால், குழுவுடன் தொடர்பில்லாத உரிமம்பெற்ற பொறியாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 1975-இல் தொடங்கிய டி ஹாவிலண்ட் மாத் கிளப் போன்ற உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டால், இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பது எளிது.

அதற்கு மேல்

சிப்மங்கில் நூறு மணி நேரமாவது கழித்தவர் ஹார்வர்டை நோக்கலாம். ஒன்பது சிலிண்டர், 600 குதிரைத்திறன், உள்ளிழுக்கும் சக்கரம், கோணம் மாறும் புரொப்பெல்லர்; புறப்படும்போது இறகுகளின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால் எழும் கிழிக்கும் ஓசையைக் கேட்டால் ஊரே தலைநிமிரும். கிரவுண்ட் லூப் செய்வதில் இதற்குள்ள ஆசை பெயர்பெற்றது. மணிக்கு 130 லிட்டர் அளவுக்குக் குடிப்பதால், பெரும்பாலோர் இதைப் பயிற்றுநருடன் ஆண்டுக்குச் சில மணி நேரம் பறப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதுவும் குறைந்த இன்பமல்ல.

ஸ்பிட்ஃபயரைத் தானே ஓட்டும் வாய்ப்பு வெகு சிலருக்கே வாய்க்கும். உரிமையாளரின் நம்பிக்கையும் காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதமும் கிடைக்க ஆண்டுகள் ஆகும். ஆனால் இரண்டு இருக்கைகளாக மாற்றப்பட்ட ஸ்பிட்ஃபயரின் பின்னிருக்கையில் பணம் கட்டிப் பறக்கலாம். பிக்கின் ஹில், குட்வுட், டக்ஸ்ஃபோர்டு ஆகிய இடங்களில் இந்த வசதி உண்டு. அரைமணி நேரத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் பவுண்டும் அதற்கு மேலும் ஆகும். இத்தகைய விமானங்கள் பயணிகள் விமானத்துக்குரிய தகுதிச் சான்றிதழில் அல்லாமல், பறக்கும் அனுமதி என்ற தனி ஆவணத்தில் இயங்குகின்றன. ஆகவே இதன் பாதுகாப்பு அளவு வேறு என்பதைப் புரிந்துகொண்டதாக முன்கூட்டியே கையொப்பமிடச் சொல்வார்கள். படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். பணம் கட்டுவதாக இருந்தால் வால்சக்கரப் பயிற்சி முடிந்த பிறகு கட்டுங்கள். மேலே போனதும் ஸ்டிக்கை உங்களிடம் கொடுப்பார்கள். கால் பழகாதவருக்கு அது வெறும் சவாரி, பழகியவருக்கு அது பாடம்.

இராணுவ ஜெட் விமானங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோரமில் நடந்த காட்சியில் ஹாக்கர் ஹன்டர் ஜெட் ஒன்று நெடுஞ்சாலையில் விழுந்து, சாலையில் இருந்த 11 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் காட்சிப் பறப்புக்கும் முன்னாள் இராணுவ ஜெட்டுகளுக்குமான விதிகள் மிகவும் இறுக்கப்பட்டன. புதியவர் அந்தப் பக்கம் போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

பறந்து முடித்த பிறகு

உங்கள் முதல் தனிப்பறப்பு சிப்மங்கில் முடிந்து, என்ஜின் நின்ற பின்னும் ஒரு மணி நேர வேலை மீதமிருக்கும். மேக்னெட்டோ சுவிட்சுகளையும் பெட்ரோல் அடைப்பானையும் மூடி, சக்கரக் கட்டைகளை வையுங்கள். வயிற்றுப்பக்கம் வழிந்திருக்கும் எண்ணெயை அன்றே துடையுங்கள்; ஜிப்ஸி என்ஜின் எண்ணெய் விடுவது இயல்பு, ஆனால் துடைக்கும்போதுதான் நேற்றில்லாத புதிய கசிவும், தளர்ந்த ஆணியும், துணியில் விழுந்த சிறு கிழிசலும் கண்ணில் படும். கண்டதை எவ்வளவு சிறியதாயினும் குறையேட்டில் எழுதுங்கள்; அடுத்து வருபவர் உங்கள் நினைவை நம்பிப் பறக்க முடியாது. காற்றில் ரட்டர் அடித்துக்கொள்ளாதபடி பூட்டுப் போட்டு, காக்பிட் உறையை மூடி, இறக்கை நுனியில் ஒருவர் நிற்க ஹேங்கருக்குள் பின்பக்கமாகத் தள்ளுங்கள். பழைய விமானங்களின் இறக்கைக்கு மிக அதிகச் சேதம் நேர்வது அந்த ஹேங்கர்க் கதவருகில்தான். ஆகவே நுனியில் நிற்பவர் "நிறுத்து" என்றால், ஏன் என்று கேட்காமல் நிறுத்துங்கள்.